ஆச்சாரியார் தந்த மருந்து

“யார் எழுதிய புத்தகம், பார்த்தீரா வாத்தியாரே?” என்று கேட்டார் அந்தப் பெரியவர்.

என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. யார் எழுதியது என்றுதான் கேட்டார். எடப்பாடியில், விசைத்தறிகளின் ஓயாத ஓசைக்கிடையே நாலு வார்த்தை பேசவேண்டுமானால் குரலைச் சற்று உயர்த்தியாகவேண்டும். உயர்த்தினார். “கவர்னர் ஜெனரலாக இருந்தவர்! மூதறிஞர்! நம் சேலத்திலே வக்கீலாக இருந்து, நகராட்சித் தலைவராக இருந்து, பிறகு நாட்டையே ஆண்டவர்! நாடு கெட்டுவிட்டது, கெட்டுவிட்டது என்று மேடைதோறும் முழங்குகிறீர்களே இளைஞர்கள், அதற்கு மருந்து இதிலே இருக்கிறது. படித்துப் பாரும்.”

கையிலே வைத்தார் ஓர் ஆங்கில ஏட்டை. ராஜாஜி, அதாவது நம் இயக்க ஏடுகள் அந்நாளில் அழைத்துவந்த பெயராலே சொன்னால் ஆச்சாரியார், எழுதியது. ‘இந்துயிசம்: டாக்ட்ரின் அண்ட் வே ஆஃப் லைஃப்’ என்பது தலைப்பு. இந்து சமயத்தின் கோட்பாடும் வாழ்க்கை நெறியும் என்று தமிழில் கொள்ளலாம். பாரதிய வித்யா பவன் 1959-ல் வெளியிட்டது.

பெரியவர் வருவாய்த் துறையிலே பணியாற்றி ஓய்வு பெற்றவர். என் போன்ற இளைஞர்களிடம் வாதிடுவதற்கென்றே மாலை வேளைகளில் திண்ணையில் அமர்ந்திருப்பவர். அவரிடம் எனக்கு மதிப்பு உண்டு. ஆகவே மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்; மூன்று இரவுகள் படித்தேன். படித்ததனால் எழுந்த எண்ணங்களையே இங்கே எழுதுகிறேன், தோழர்களே!

முதலில் அந்த ‘யார்’ என்ற கேள்வியைப் பார்த்துவிடுவோம்.

புகழ் பெற்றவர் ஒருவர் நாட்டுக்குப் புத்துயிர் ஊட்டப் புத்தகம் எழுதுவது இங்கே மட்டும் நடப்பதன்று. 2008-ல் அமெரிக்காவிலே ஒரு நூல் வந்தது. எழுதியவர் சக் நாரிஸ். கராத்தே வீரர், திரையிலே ஒற்றை ஆளாக நின்று பகைவர் கூட்டத்தைப் பந்தாடிப் பேர் பெற்றவர். ‘பிளாக் பெல்ட் பேட்ரியாட்டிசம்’ என்று பெயர். அமெரிக்காவை மீண்டும் விழித்தெழச் செய்வது எப்படி என்பது துணைத் தலைப்பு. எப்படியாம்? நாட்டை நிறுவிய முன்னோர்களின் நெறிக்குத் திரும்பவேண்டும், கடவுள் நம்பிக்கைக்குத் திரும்பவேண்டும் என்கிறார். அந்த முன்னோர்களிலே வாஷிங்டனும் ஜெஃபர்சனும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்கள் என்பது உலகறிந்த செய்தி. அடிமைமுறை திரும்பவேண்டும் என்று நாரிஸ் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அவர்மீது பழி போடுவதாகும். ஆனால், ‘திரும்புவோம் வாருங்கள்’ என்று ஒரு வெள்ளையர் அழைக்கும்போது, கறுப்பர் ஒருவர் எந்த வாயில் வழியாகத் திரும்புவது? முன்வாயில் வழியாகவா, கொட்டடி வழியாகவா? பொற்காலம் என்று ஒருவர் சுட்டிக்காட்டும் காலம் இன்னொருவருக்கு இருட்காலமாக இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணமே அந்த அழைப்பில் தென்படவில்லை.

நம் நாட்டிலும் உண்டு. நடிகரும் நாடகாசிரியரும் வழக்கறிஞருமான சோ ராமசாமி 1970-ல் ‘துக்ளக்’ இதழைத் தொடங்கினார். மேடையிலும் திரையிலும் சேர்த்த செல்வாக்கு, அவருடைய அரசியல் எழுத்துக்கு ஆயிரமாயிரம் வாசகரைத் திரட்டித் தந்தது. ஒரு துறையிலே ஈட்டிய புகழை வேறொரு துறையிலே செலவிடுகிறார்கள். அதிலே குற்றமில்லை. உழைத்துச் சேர்த்த பொருள், எங்கே வேண்டுமானாலும் செலவிடட்டும்! ஆனால் கொடுக்கல் வாங்கலில் நாம் நாணயத்தைத் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? கொடுப்பவர் முகத்தைப் பார்த்தா வாங்குகிறோம்?

ஆச்சாரியாரை நாரிஸோடு ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது. அவர் வெறும் புகழாளர் அல்லர், ஆண்டவர். 1878-ல் அந்நாளைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியிலே பிறந்து, 1917-ல் சேலம் நகராட்சித் தலைவராகி, 1925-ல் திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்திலே காந்தி ஆசிரமம் கண்டு, கதர் நூற்கச் செய்தவர். எடப்பாடியிலிருந்து தெற்கே சங்ககிரியைக் கடந்தால் திருச்செங்கோடு. ஆக, நம் பக்கத்து வீட்டுக்காரர் என்றே சொல்லலாம். 1937-ல் முதலமைச்சரானதும் மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்திலேதான் நடைமுறைப்படுத்தினார். 1939-ல் கோயில் நுழைவுக்குச் சட்டம் செய்து துணை நின்றார். கட்டாய இந்தியைக் கொண்டுவந்தவரும் அவரே. பின்னாளில் இந்தித் திணிப்பை எதிர்த்தவரும் அவரே. 1967-ல் நம் தோழர்கள் அவரோடு கூட்டணி கண்டனர். 1972-ல் அவர் மறைந்தபோது, வாழ்நாளெல்லாம் அவரை எதிர்த்த பெரியார் கண்ணீர் விட்டு அழுதார். மனிதரை மதிப்பது வேறு, அவர் கருத்தை மறுப்பது வேறு என்பதை அந்த இரு முதியவர்களும் வாழ்ந்து காட்டினார்கள். அந்தத் துணிவிலேதான் நானும் இந்த ஏட்டைத் தட்டிப் பார்க்கிறேன்.

ஏடு என்ன சொல்கிறது?

பூசைக்கும் புனித நீராட்டுக்கும் வழிகாட்டும் நூலல்ல இது. பழைய பண்டாரத்தின் பாட்டுமல்ல. புத்தம்புதிய கவலையொன்றிலேதான் தொடங்குகிறது. அறிவியல் ஒன்று சொல்கிறது, சமயம் வேறொன்று சொல்கிறது, அரசு மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறது; மூன்றுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை; இப்படி மூன்று வாழ்க்கை வாழும் மனிதன் போலியாகாமல் என்ன ஆவான் என்கிறார். தன்னலப் போட்டி ஒன்றையே பொறியாக வைத்து ஓட்டும் சமுதாயம் இனி நெடுநாள் ஓடாது என்கிறார். பொதுநலத்துக்காக வாழ்வை ஒழுங்கு செய்யவேண்டும். ஆனால் சட்டமும் காவலும் மட்டும் அதைச் செய்துவிட முடியாது. உள்ளத்தின் உள்ளிருந்து ஓர் உந்துதல் வேண்டும் என்கிறார். சரி, அந்த உந்துதல் எங்கே கிடைக்கும்? வேதாந்தத்திலே, கீதையிலே, கருமக் கொள்கையிலே கிடைக்கும் என்று முடிக்கிறார். பலனிலே பற்று வைக்காமல், தனக்கு வாய்த்த பணியைச் சமுதாயத்துக்குச் செய்யும் கடமையாக ஒவ்வொருவனும் செய்தால் நாடு செழிக்கும். இதுதான் மருந்து.

நோயைக் கண்டுரைத்த பகுதியிலே எனக்குப் பெரிதும் உடன்பாடு. வியப்பாக இருக்கிறதா? வகுப்பறையிலே நிலநடுக்கோட்டையும் கோள்களின் ஓட்டத்தையும் கற்றுக்கொடுத்துவிட்டு, மாலையிலே சாதகக் கட்டத்தை நீட்டிச் செவ்வாய் எங்கே என்று கேட்கும் ஆசிரியர்களை நான் அறிவேன். மூன்று வாழ்க்கை வாழ்பவர்கள்! ஆச்சாரியார் சுட்டிய போலித்தனம் உண்மையானது. அதைச் சுட்டும் துணிவு பல பகுத்தறிவாளருக்கே இல்லை.

அறிவியலும் சமயமும் முரண்படக்கூடாது என்கிறார். நன்று. முரண்பாட்டை எப்படித் தீர்ப்பது? வேதாந்தம் அறிவியலோடு இசைந்து போவது. வளர்ச்சிக் கொள்கை முதலாய எதுவும் அதற்குப் பகையன்று. இதுதான் அவருடைய தீர்வு. இங்கேதான் ஆசிரியனாகிய எனக்கு ஐயம் எழுகிறது. அறிவியல் தன் கூற்றைச் சோதனையிலே நிறுத்துகிறது, தோற்றால் கைவிடுகிறது. இந்தச் சோதனை நடந்தால், இன்ன விளைவு வந்தால், என் கொள்கையைக் கைவிடுகிறேன் என்று கருமக் கொள்கை எங்கேயாவது எழுதிக் கொடுத்திருக்கிறதா? தேர்வு எழுதாத மாணவன் எந்தத் தேர்விலும் தோற்றதில்லை என்று பெருமை பேசலாம். மதிப்பெண் போட முடியாது.

கருமக் கொள்கை தலைவிதிக் கொள்கையன்று என்று வாதிடுகிறார் ஆச்சாரியார். விதைத்ததை அறுக்கிறோம், எனவே நல்லதை விதைக்கும் உரிமை நம்மிடம் இருக்கிறது, அது நம்பிக்கையூட்டும் கொள்கையே என்பது அவர் கருத்து. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வகுப்பறைக்குக் கொண்டுவந்து பார்க்கிறேன். ஒரு நாள் காலை, மூன்றாம் பெஞ்சில் அமர்ந்திருக்கும் சிறுவனை எழுப்பிப் பிரம்பால் அடிக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். “ஏன் சார் அடிக்கிறீர்கள்?” என்கிறான். “சென்ற ஆண்டு இதே பெஞ்சில் அமர்ந்திருந்தவன் செய்த தவறுக்கு” என்கிறேன். “அது நான் இல்லையே சார்!” “நீதான், உனக்கு நினைவில்லை, அவ்வளவுதான்.” இப்படிச் சொல்லும் ஆசிரியனை ஊர் என்ன சொல்லும்? செய்த குற்றம் இன்னதென்று குற்றவாளிக்கே சொல்லமுடியாத தண்டனையை நீதி என்று எந்த மன்றமும் ஒப்பாது. சேலத்து மன்றங்களிலே பல ஆண்டு வாதாடிய வழக்கறிஞர் ஆச்சாரியார். குற்றப்பத்திரிகை இல்லாத வழக்கிலே தம் கட்சிக்காரர் தண்டிக்கப்பட அவர் ஒருநாளும் விட்டிருக்கமாட்டார். பிறப்பு என்ற வழக்கிலே மட்டும் எப்படி விட்டார்?

இனி, பணி. ‘தனக்கு வாய்த்த பணி’. இந்தச் சொற்றொடரைத்தான் மூன்றாம் இரவு முழுவதும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

வாய்த்தது என்றால் எப்படி வாய்த்தது? வாய்க்கச் செய்தவர் யார்? நான் ஆசிரியன். வேறு பல வழிகள் திறந்திருக்க, இதை நானே விரும்பி ஏற்றேன். ஆகவே ஊதியம் குறைந்தாலும், பெற்றோர் ஏசினாலும், பற்றற்றுப் பணிசெய் என்று எனக்கு அறிவுரை கூறினால் அதிலே பொருளிருக்கிறது. தேர்ந்தெடுத்தவனிடம் கடமையை நினைவூட்டலாம். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாமல், பிறந்த வீட்டின் வாசலிலேயே கையிலே திணிக்கப்பட்ட வேலையைச் செய்பவனிடம் போய்ப் ‘பலனை எதிர்பாராதே’ என்றால்? அவன் எதிர்பாராத பலன் காற்றிலா கரைகிறது? யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது.

எங்கள் ஊரைக் கொண்டே சொல்கிறேன். பாவும் நூலும் கொடுப்பவர் ஒருவர். தறியில் நின்று நெய்பவர் ஒருவர். சேலையை விற்பவர் மற்றொருவர். நெய்பவர் பெறுவது கூலி. வீட்டிலே தார் சுற்றும் பெண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் கூலியிலே தனிப் பங்கு கிடையாது. முன்பணம் வாங்கியவரோ, அது தீரும்வரை தறியை விட்டு வேறிடம் நகர முடியாது. இந்த ஏற்பாட்டிலே எல்லோரும் கீதையைப் படித்துப் பற்றற்றவர்களாகிவிட்டால் ஒருவேளை நாடு புனிதமாகும். ஆனால் பாருங்கள், பற்றறுக்க அறிவுரை எப்போதும் தறிமேட்டுக்குத்தான் வருகிறது, கிட்டங்கிக்குப் போவதில்லை!

இதுவரை நான் சொன்னது ஏட்டோடு ஏடாக நடத்தும் வாதம். ஆச்சாரியாரிடம் உள்ள தனிச்சிறப்பு என்னவென்றால், அவருடைய மருந்து ஏட்டிலே மட்டும் இருக்கவில்லை. ஏடு வெளிவருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, அதே உள்ளம் வகுத்த திட்டமொன்று நாட்டுக்குப் புகட்டப்பட்டது. அதனால்தான் நாரிஸின் நூலைப்போல இதை விட்டுவிட முடியவில்லை.

1952-ல் மீண்டும் சென்னை மாநில முதலமைச்சரானார். 1953-54 பள்ளியாண்டில், திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் என்ற ஒன்றைச் சிற்றூர்ப் பள்ளிகளில் நுழைத்தார். பள்ளி நேரம் ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைகள் இரு பிரிவாக வருவார்கள். ஒரு பிரிவு காலையில், மற்றது பிற்பகலில். மீதி வேளையிலே ஆண்பிள்ளை தகப்பன் செய்யும் தொழிலைப் பழகவேண்டும், பெண்பிள்ளை தாயோடு வீட்டு வேலை பழகவேண்டும். நாடு அதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம்.

அவர் தரப்பிலும் நியாயம் ஒன்று இருந்தது; அதை மறைத்துப் பேசுவது பகுத்தறிவு ஆகாது. பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகளில் பெரும்பகுதியினர் அந்நாளில் பள்ளிக்கு வெளியே இருந்தனர். பதினான்கு வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுக்குள் தர முயலவேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லியிருந்தது. பணமில்லை, ஆசிரியரில்லை. இருக்கும் ஆசிரியரையும் கட்டிடத்தையும் கொண்டே இருமடங்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாமே என்று கணக்குப் போட்டார். கணக்கிலே பிழையில்லை. ஒரு பள்ளியை இரண்டு வேளை நடத்துவது பாவமுமல்ல. உலகிலே பல நாடுகள் செய்கின்றன.

கணக்கோடு நின்றிருந்தால் சிக்கலில்லை. மீதி வேளையிலே விளையாடட்டும், ஆடு மேய்க்கட்டும், ஆற்றிலே குதிக்கட்டும் என்று விட்டிருந்தாலும் இத்தனை கொதிப்பு எழுந்திராது. தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்று சொன்னாரே, அங்கேதான் கணக்கு முடிந்து கோட்பாடு தொடங்கியது. அதுவும் சிற்றூர்களுக்கு மட்டும்! நகரத்து வழக்கறிஞரின் மகன் மூன்று மணி படித்துவிட்டு மீதி வேளையிலே தகப்பனாரின் சட்டப் புத்தகங்களைத் தூசி தட்டவேண்டும் என்று எந்த ஆணையும் பிறக்கவில்லை. நாட்டைப் புதுப்பிக்கும் பொறுப்பு சலவைத் தொழிலாளியின் மகனுக்கும் நாவிதரின் மகனுக்கும் நெசவாளியின் மகனுக்கும் ஒதுக்கப்பட்டது. அவர்கள் ஏற்கெனவே தகப்பன் தொழிலில்தான் இருந்தார்கள். பள்ளி ஒன்றுதான் அதிலிருந்து அவர்கள் எட்டிப் பார்க்கும் சன்னல்; அந்தச் சன்னலைப் பாதி மூடினார்கள்.

பெரியார் எதிர்த்தார், தி.மு.க. 1953 ஜூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்திலே இதுவும் ஒரு முனை. ஆளுங்கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் ஆச்சாரியார் விலகினார், காமராசர் வந்தார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. பணமில்லை என்ற வாதம் என்னாயிற்று? அதே மாநிலம், அதே கருவூலம். காமராசர் ஆட்சியிலே சிற்றூர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன, 1956 முதல் பகலுணவும் போடப்பட்டது. வழி இருந்திருக்கிறது. அந்த வழியைத் தேடவிடாமல் கோட்பாடு கண்ணை மறைத்திருக்கிறது.

என் பாட்டனாருக்கு அந்த ஆண்டு எட்டு வயது. சிற்றூர்ப் பள்ளியொன்றிலே படித்துக்கொண்டிருந்தார். அரைநாள் பள்ளி எப்படி இருந்தது என்று அவரைக் கேட்டேன். பெரிய துயரக்கதை வரும், எழுதிக்கொள்ளலாம் என்று தாளும் பேனாவுமாகத்தான் அமர்ந்தேன். பொக்கை வாய் திறந்து சிரித்தார். “நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. மத்தியானம் பள்ளிக்கூடம் இல்லையே! பாதி நேரம் தார் சுத்தினேன், பாதி நேரம் சரபங்கா ஆத்துல கிடந்தேன்” என்றார். பேனாவை மூடி வைத்தேன். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பள்ளியில்லாத பிற்பகலைவிட இனிப்பானது எது? அதனால்தானே அவன் சார்பிலே பெரியவர்கள் முடிவு செய்யவேண்டியிருக்கிறது. அந்த முடிவைப் பெரியவர்கள் எந்த எண்ணத்தோடு செய்கிறார்கள் என்பதே கேள்வி. பிள்ளை நாளை எதுவாகவும் ஆகலாம் என்று எண்ணியா, இன்னதுதான் ஆகவேண்டும் என்று எண்ணியா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். அதே ஆச்சாரியார்தான், வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்படவேண்டும், ஆலைகள் அவற்றை நெய்யக்கூடாது என்று மத்திய அரசிடம் வாதாடினார். அந்நாளிலே கைத்தறித் துணிகள் தேங்கி நெசவாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தபோது, அண்ணாவும் தோழர்களும் 1953-ல் திருச்சித் தெருக்களிலே துணி மூட்டையைத் தோளில் சுமந்து விற்றார்கள். இரு தரப்பாருக்கும் நெசவாளிமீது பரிவு இருந்தது, ஐயமில்லை. ஆச்சாரியாரின் பரிவு நெசவாளியின் தறியைக் காக்க நினைத்தது. நெசவாளியின் மகன் தறியிலேயே இருக்கட்டும் என்றும் நினைத்தது. ஒருவர்மீது அன்பு வைத்துக்கொண்டே அவரை அதே இடத்தில் கட்டிவைக்க முடியும். மாட்டுத் தொழுவத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

‘எழுபது ஆண்டுக்கு முந்தைய கதையை ஏன் கிளறுகிறீர்?’ என்று கேட்பீர்கள். 2023 செப்டம்பர் 17-ல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கியது. தச்சர், கொல்லர், குயவர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர் என்று பதினெட்டுத் தொழில்கள். பயிற்சியும் கருவிகளும் கடனும் தருவது. உதவி நல்ல உதவிதான். ஆனால் குடும்ப வழியாக வரும் மரபுத் தொழில் என்ற நிபந்தனை அதிலே இருந்தது. குறைந்த வயது பதினெட்டு. பதினெட்டு என்பது கல்லூரி வாயிலிலே கால் வைக்கும் வயதல்லவா? அந்த நிபந்தனையை நீக்குக, வயதை முப்பத்தைந்தாக்குக என்று தமிழ்நாடு அரசு கேட்டது. ஏற்கப்படாததால், இந்த வடிவிலே செயல்படுத்த இயலாது என்று 2024 நவம்பரில் எழுதித் தெரிவித்தது. பிறகு, குடும்பத் தொழில் என்ற கட்டில்லாமல் இருபத்தைந்து கைவினைத் தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தை வகுத்தது. ஆக, ஆச்சாரியாரின் ஏடு பழைய புத்தகக் கடையிலே உறங்கவில்லை. அதன் ஒரு வரியை யாரோ எங்கோ மீண்டும் நகலெடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இனி என் தரப்பிலுள்ள தடுமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன்?

என் வகுப்பிலே ஒரு மாணவன். வீட்டிலே நான்கு தறி. படிப்பிலே கெட்டிக்காரன். அவன் தகப்பனார் ஒரு நாள் வந்து, “பத்தாவது முடிச்சதும் தறிக்கு வரட்டுங்க சார், ஆளு கிடைக்கலை” என்றார். எனக்கு இரத்தம் கொதித்தது. குலக்கல்வியைப் பற்றி அவருக்கு ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். பாவம், பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் அந்தச் சிறுவனை அழைத்து, “நீ பொறியாளர் ஆகவேண்டும், மருத்துவர் ஆகவேண்டும், இந்தத் தறிமேட்டை விட்டு வெளியேறவேண்டும்” என்று உணர்ச்சி பொங்கச் சொன்னேன். அவன் தலைகுனிந்து நின்றான். பிறகு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். சேலைக் கரைகள்! கட்டம் கட்டமாகப் போட்டு, இன்ன இழை மேலே, இன்ன இழை கீழே என்று குறித்து, பத்துப் பன்னிரண்டு கரைகள். “எனக்கு இதுதான் சார் பிடிக்குது” என்றான்.

வாயடைத்துப் போனேன். அவன் தகப்பன் தறிக்கு வா என்றார்; நான் தறியை விட்டுப் போ என்றேன்; இருவருமே அவனைக் கேட்கவில்லை! ஆச்சாரியாரைக் குற்றம் சாட்டிய அதே வாயாலே நானும் ஒரு சிறுவனுக்கு ‘வாய்த்த பணி’யை வகுத்துக்கொடுத்திருக்கிறேன். தொழில் மாறினால் ஆணை மாறிவிடுமா?

சேலத்திலே இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1960 முதல் நடப்பது. நெசவையும் சாயத்தையும் வடிவமைப்பையும் அங்கே கணக்கும் வேதியியலும் கலந்த பாடமாகக் கற்பிக்கிறார்கள். தறியையே பார்த்திராத வீட்டுப் பிள்ளையும் சேரலாம், தறிவீட்டுப் பிள்ளையும் சேரலாம். தகப்பன் பெயரைக் கேட்பார்கள், படிவத்திலே நிரப்புவதற்காக. தொழிலைத் தீர்மானிப்பதற்காக அல்ல. அந்த மாணவனிடம் சொன்னேன்: பன்னிரண்டாம் வகுப்பு வரை கணக்கையும் அறிவியலையும் விடாதே; பிறகு நீயே முடிவு செய்; மனம் மாறினாலும் குற்றமில்லை. தகப்பனாரிடம் மறுபடி போனேன். இம்முறை சொற்பொழிவு இல்லை. ஆள் கிடைக்காத இரண்டு ஆண்டை எப்படிச் சமாளிப்பது என்பதைப் பற்றிப் பேசினோம். முடிவு இன்னும் ஏற்படவில்லை. அவருக்குக் கடன் இருக்கிறது.

நான்காம் நாள் மாலை ஏட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். திண்ணையிலே அமர்ந்திருந்தார் பெரியவர்.

“என்ன, மருந்து வேலை செய்ததா?”

“நோயைச் சரியாகச் சொல்லியிருக்கிறார் அய்யா. மருந்தை யாருக்குக் கொடுப்பது என்பதிலேதான் வழக்கு. ஒன்று கேட்கலாமா? தங்கள் தகப்பனார் என்ன தொழில் செய்தார்?”

“பானை வனைந்தவர்.”

“தங்களுக்கு வாய்த்த பணி அதுதானே? வருவாய்த் துறைக்கு எப்படிப் போனீர்கள்?”

சினம் கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கொள்ளவில்லை. சற்று நேரம் தம் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பாதான் அனுப்பினார். மண்ணைத் தொடாதே, எழுதுகோலைத் தொடு என்றார். போனேன். என் பிள்ளைகளும் படித்தார்கள். எங்கள் தெருவிலே சக்கரம் நின்றுபோயிற்று தம்பி. இப்போது பொங்கலுக்கு வெளியூரிலிருந்து பானை வருகிறது. நான் போனதைத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சக்கரம் நின்றதே, அதற்கு உம்முடைய பகுத்தறிவிலே என்ன பதில்?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கைத்தறி நிறுவனத்தைப் பற்றிச் சொன்னேன். பானைக்கும் அப்படி ஒன்று இருக்கலாமே, விரும்பும் எவரும் கற்கலாமே என்றேன். தலையசைத்தார்; ஒப்புக்கொண்டாரா, இல்லையா என்று தெரியவில்லை. ஏட்டை வாங்கிக்கொள்ளவும் இல்லை.

“கருமத்தைப் பற்றிய அதிகாரத்தை இன்னொரு முறை படித்துவிட்டு வாரும். அந்த மூன்றாம் பெஞ்சுக் கதையை எனக்கு மறுபடியும் சொல்லவேண்டும், அதிலே ஓர் ஓட்டை இருக்கிறது” என்றார்.

ஏடு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகவேண்டும்.